மருந்து போடாத மாவு

எங்கள் ஆய்வகத்தில் ஹஃப்சா அக்காவுக்குக் 'கிழங்கு அக்கா' என்றுதான் பெயர். ராசிபுரத்துக்காரர். அவர் 'அத்தா' என்று கூப்பிடும் அப்பா ஜான் பாஷா, சேகோ ஆலைகளில் ஜவ்வரிசியும் கிழங்கு மாவும் வாங்கி விற்கும் வியாபாரி. எனக்கு வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். எங்கள் இரண்டு வீட்டிலும் எங்களுக்கு முன்னால் கல்லூரிக்குப் போனவர் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அவரைப் பற்றிப் பேசினால் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.

தீக்காயத்தில் தோல் போன இடத்தில் புதுத் தோல் வளர ஒரு பிடிமானம் வேண்டும். பந்தலில் கொடி ஏறுகிற மாதிரி, செல்கள் பற்றிப் படர ஒரு மெல்லிய பஞ்சு. வேலை முடிந்ததும் அது உடம்பிலேயே கரைந்துவிட வேண்டும். நம் மரவள்ளிக்கிழங்கு மாவிலேயே அதைச் செய்யலாம் என்பதுதான் அக்காவின் முனைவர் பட்ட ஆய்வு.

செல்கள்தான் ஒத்துவரவில்லை. உயிருள்ளவை பச்சையாகவும் செத்தவை சிவப்பாகவும் தெரியச் சாயம் ஏற்றிப் பார்ப்போம். அத்தா கொடுத்தனுப்பிய மாவில் செய்த பஞ்சு முழுக்கச் சிவப்பு. கம்பெனியில் வாங்கிய மாவில் செய்தது பச்சைப் பசேல்.

"கம்பெனி மாவையே வெச்சு முடிச்சிரும்மா," என்றார் கைடு. "அடுத்த மாசம் ஆய்வுக் கமிட்டி முன்னால நிக்கணும். அதுக்குள்ள உங்க ஊர் மாவு சரிப்படலன்னா தலைப்பையே மாத்திரலாம்."

"தலைப்ப மாத்த மாட்டேன் சார். என்ன கோளாறுன்னு பாத்துட்டு வாரேன்."

இரண்டு மாவையும் கறுப்புத் தாளில் பக்கம் பக்கமாகக் கொட்டினார். அத்தா தந்த மாவு கண்ணைக் கூசவைத்தது. கிழங்கு இத்தனை வெள்ளையா? அந்தச் சனிக்கிழமையே என்னையும் இழுத்துக்கொண்டு ஆலைக்குப் போனார். அத்தாவும் அங்கேதான் இருந்தார்.

"இதுக்கு வெளுப்பு மருந்து போட்டீங்களாண்ணா?" என்று மேலாளர் காளியண்ணனைக் கேட்டார் அக்கா.

"போடாம? பாய் ஊட்டுப் பாப்பா காலேஜுக்குக் கொண்டு போற மாவுங்களே! மத்தவங்களுக்குப் போடறதுக்கு மேல ரெண்டு பங்கு போட்டு, பளிச்சுனு குடுத்தனுங்க."

"நாந்தான் சொன்னேன்," என்றார் ஜான் பாஷா பெருமையாக.

"அத்தா, என் செல்லு சாகறது அந்த மருந்தாலதான்னு நெனைக்கிறேன். எனக்கு மருந்து படாத மாவு வேணும்."

அவர் தொட்டியில் படிந்திருந்த பழுப்பு மாவைப் பார்த்தார். "இதையா? பாஷா பொண்ணு கொண்டாந்த லட்சணத்தப் பாருன்னு நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

"சிரிச்சுட்டுப் போறாங்க. செல்லு பொழச்சாப் போதும்."

"இந்தப் பழுப்ப எங்க ஆலை மாவுன்னு மட்டும் வெளிய சொல்லிராத பாப்பா," என்றார் காளியண்ணன்.

நினைப்பு மட்டும் போதாதே. ஒரே தொட்டி மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் தன் கண்ணெதிரே மருந்து போடச் சொல்லி, இரண்டையும் அக்கா வாங்கிவந்தார். இரண்டிலும் பஞ்சு செய்து செல்களை விட்டோம். மருந்து போட்டதில் பழைய சிவப்பு. போடாததில் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் பச்சை.

"தற்செயலா இருக்கலாம். திரும்பச் செய்," என்றார் கைடு.

"செஞ்சுட்டேன் சார். இது ரெண்டாவது தடவை செஞ்சதோட படம்."

கமிட்டியில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் விடவில்லை. "ஆலைக்கு ஆலை மாவு மாறுமே, அப்போ என்னம்மா செய்வே?" அக்கா தடுமாறவில்லை. "மாறும் சார். எந்த அளவு சுத்தமா இருந்தா செல் தாங்கும்னு ஒவ்வொரு ஆலை மாவையும் எடுத்துச் சோதிக்கப் போறேன். அடுத்த வருஷ வேலை அதுதான்."

தலைப்பு மாறவில்லை. கைடு வெளியே வந்து கைகொடுத்து, "இன்னைக்காவது வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடும்மா," என்றார்.

"செல்லுக்குச் சாப்பாடு மாத்தற நேரம் சார்," என்றவர் என் பக்கம் திரும்பினார். "கதிர், நின்னு வேடிக்கை பாக்காத. கிளவுஸ மாட்டு."