ராஜாவின் தாடியில் மஞ்சள்

போன வெள்ளிக்கிழமை காலை, சாமி படத்துக்குப் பின்னாலிருந்த மஞ்சள் தோய்த்த துணி முடிச்சை என் மனைவி எடுத்து அவிழ்த்தாள். அதற்குள் ஒரு வெள்ளி ரூபாய் இருக்க வேண்டும். இருந்தது... ஒரு பித்தளைக் கோட்டுப் பட்டன்!

போன வருஷம் எங்கள் பெண் டைபாய்டில் கிடந்தபோது பழனிக்கு நேர்ந்து முடிந்த காசு அது. மறுநாள் பழனிக்கு பஸ் ஏறுவதாக ஏற்பாடு. பட்டனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். வீட்டில் கோட்டுப் போடுகிற ஆசாமி நான் ஒருவன்தானே?

ஒப்புக்கொண்டேன். உங்களிடமும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

என் நண்பர் சூசை — பெயரை மாற்றியிருக்கிறேன் — சேலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். யுத்த காலத்தில் பட்டாளத்தில் கண்ணிவெடி தேடி எடுத்தவர். நீளக் கழி, அதன் நுனியில் ஒரு தட்டு, முதுகில் பாட்டரிப் பெட்டி, காதில் ஹெட்போன். பூமிக்குள் உலோகம் இருந்தால் காதில் ‘ஙொய்’ என்று கத்துமாம். பட்டாளம் கழித்துப் போட்ட அப்படி ஒரு மிஷினை எங்கோ ஏலத்தில் பிடித்து வந்து, வால்வு மாற்றி, உயிர் கொடுத்துவிட்டார்.

எதற்கு? பழைய காசு தேட!

நயா பைசா வந்ததிலிருந்து பழைய காசுமீது அவருக்கு ஒரு காதல். அயோத்தியாப்பட்டணம் தாண்டி, தெரிந்தவர் ஒருவரின் புன்செய் மேடு இருக்கிறது. மழை பெய்தால் அங்கே ஓட்டுச் சில்லு மேலே வரும். முன்காலத்தில் மாட்டுச் சந்தை கூடிய இடமாம். சந்தை என்றால் காசு சிந்தியிருக்காதா? நல்ல யோசனைதான். ஆனால் மாட்டுச் சந்தை என்றால் லாடம் அடிக்கிறவனும் அங்கே உட்கார்ந்திருப்பான் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஞாயிறுதோறும் சூசைக்கு மாதா கோயில் பூசை முடிந்ததும் போவோம். மிஷின் கத்தும். தோண்டுவோம். லாடம். மறுபடி கத்தும். லாட ஆணி. நான்கு மாதத்தில் ஒரு கூடை சேர்ந்தது. கடைவீதியில் அவருக்கு ‘லாடம் சூசை’ என்று பெயரும் ஆகிவிட்டது.

அவர் மனைவி பிலோமினா பொறுத்துப் பார்த்தார். கடையில் ரிப்பேருக்கு வந்த ரேடியோக்கள் தூசி படிந்து கிடக்க, மனிதர் லாடத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? கடைசியில் என் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

“இந்த ஞாயித்துக்கெழமைதானுங்க கடைசி. ஒண்ணும் கெடைக்கலீன்னா திங்கக்கெழமை அது காயலான் கடைக்குப் போயிரும்.”

சூசை ஹெட்போனை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவர் எப்போதோ என்னிடம் சொன்னது ஞாபகம் வந்தது. யுத்தத்தில் இந்த ஹெட்போனை மாட்டும்போதெல்லாம், சத்தம் வரக்கூடாது மாதாவே என்று ஜெபம் பண்ணுவாராம். “இப்பத்தானுங்கண்ணா, வரோணும் வரோணும்னு கேக்கறேன்.” இந்த மனுஷனிடமிருந்து போய் அதைப் பிடுங்குவதா? எனக்கு மனசு கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் பழைய காசு என்று இருந்தது அந்த முடிச்சுக்குள் இருந்த ஒன்றுதான். சனிக்கிழமை சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு, முடிச்சு லேசாகத் தெரியக்கூடாதென்று பட்டனை வைத்துக் கட்டிவிட்டு, சைக்கிளில் போய் அந்த மேட்டு வேலமரத்தடியில் புதைத்தேன். சூசை எடுப்பார், சந்தோஷப்படுவார், பத்து நாள் கழித்து ஏதாவது சொல்லி நான் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பிரமாதமான திட்டம் அல்லவா?

மறுநாள் பிலோமினாவும் சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். மிஷினுக்குக் கடைசி மரியாதை போல. சூசையோ வேலமரத்தைத் தவிர மேடு முழுக்கச் சுற்றினார்! பாட்டரி வேறு இறங்கிக்கொண்டிருந்தது. “அந்த நிழல் பக்கம் ஒரு தடவை...” என்று நான் இழுத்தேன்.

கத்தியது.

சூசை குப்புறப் படுத்துக்கொண்டார். கத்தியைச் சாய்த்துச் சாய்த்துக் குத்திப் பார்த்து, விரலால் மண்ணைத் தள்ளினார். கண்ணிவெடியை அப்படித்தான் எடுப்பார்களாம். ரூபாயில் பொறித்த தாடி வைத்த ராஜா வெளியே வந்ததும், எழுந்திருக்காமல் அப்படியே படுத்தபடி அழுதார்.

எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. முதல் காசு மாதாவுக்குத்தானாம். வருகிற ஞாயிறு பூசையில் கோயில் உண்டியலில் போடப் போகிறாராம். அதுவரை பத்திரமாக இருக்கட்டும் என்று பிலோமினாவிடம் கொடுத்துவிட்டார்.

பழனி முருகன் காசு மாதா கோயில் உண்டியலுக்குப் போகிறது! தடுக்கலாம்தான்... உண்மையைச் சொன்னால். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரை வரவேயில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வேறு ரூபாய் முடிந்து கொண்டுபோகலாமே என்றேன்.

“கொழந்தை நெத்தியில வெச்சு வேண்டிக்கிட்ட காசு அதுதானுங்களே” என்றாள். அவ்வளவுதான்.

சாயங்காலம் பிலோமினா தனியாக வந்தார். சேலைத் தலைப்பு முனையை அவிழ்த்து, என் மனைவி கையில் அந்த ரூபாயை வைத்தார்.

மண்ணைக் கழுவியபோதே தெரிந்துவிட்டதாம். ராஜாவின் தாடியில் மஞ்சள்! எத்தனையோ வருஷம் மண்ணுக்குள் கிடந்த காசில் மஞ்சள் வாசம் அடிக்குமா? எங்கள் பெண்ணுக்குக் காய்ச்சல் உச்சத்தில் இருந்த ராத்திரி, என் மனைவி காசு முடிந்தபோது, பக்கத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தது பிலோமினாதான். அவருக்குத் தெரியாத முடிச்சா?

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை உண்டியலுக்கு? தன் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த வெள்ளி ரூபாய்களில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டாராம். அதிலும் அதே தாடி ராஜாதான். சூசைக்கு வித்தியாசம் தெரியாது. இத்தனை நாள் பிலோமினாவைக் கண்டிப்பானவர் என்று நினைத்திருந்த என்னை என்ன சொல்ல! தலை குனிந்து நின்றேன்.

சனிக்கிழமை முருகன் காசு முருகனிடம் சேர்ந்தது. மறுநாள் மாதா காசு மாதாவிடம். மிஷின் காயலான் கடைக்குப் போகவில்லை. கடைவீதியில் ‘காசு சூசை’ என்கிறார்கள். மனிதர் எந்நேரமும் ரேடியோ கேட்பாரே ஒழிய பத்திரிகை படிக்க மாட்டார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். சேலத்து வாசகர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

அன்று வாசல் வரை போன பிலோமினா, திரும்பி நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

“அடுத்த தடவை பொதைக்கறப்ப, நல்லாக் கழுவிட்டுப் பொதைங்கண்ணா.”