கல் எடுக்கும் படகுக்காரர்

எழுபதுகளில் தூத்துக்குடிக் கடற்கரையில் தங்கும் ஹோட்டல் ஒன்றுக்கு நான் வரைபடம் போட்டேன். சுவருக்குப் பவளப்பாறைக் கல் பார்க்க, அதை வெட்டி எடுக்கும் படகுக்காரர் ஒருவருடன் தீவுப் பக்கம் போனேன். உப்பில் சிவந்த கண்கள் அவருக்கு. பேசும்போதெல்லாம் கழுத்துச் சிலுவையைத் தடவுவார்.

திடீரென்று ஓர் அலை படகைத் தூக்கிச் சாய்த்தது. நான் அலறிவிட்டேன்.

"முன்னால இங்கன அலையே கிடையாது, சார். பாறைதான் தடுத்துச்சு. நாங்க வெட்டி எடுத்துட்டோம்" என்றார்.

"ஹோட்டல் கட்டுற கரைக்கும் வருமா?"

"பாறை போனா வராம என்ன செய்யும்?" என்று படகைக் கரைப் பக்கம் திருப்பினார்.

கரையேறியதும் வரைபடத்தில் பவளக்கல்லை அடித்துவிட்டுச் செங்கல் என்று எழுதினேன். கட்டடத்தையும் கடலைவிட்டுத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் வேறு யாருக்கோ கல் எடுக்கப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, மிச்சப் பாறையும் போனால் இந்தக் கரை என்னாகும் என்ற பயம்தான் வந்தது.