பனி ரயிலில் ஒரு வாய்ச் சோறு

போன டிசம்பரில் மகள் என்னை ஜப்பானுக்கு அழைத்துப் போனாள். அவள் இங்கே தஞ்சோங் மாலிம் பக்கத்தில் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். போனஸ் வந்ததும் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டாள். பனிமலைக்குள் போகும் ரயில்களை நாங்கள் போனில் விடாமல் பார்ப்போம். நானும் அவளும், கட்டிலில் படுத்தபடி என் கணவரும்.

பக்கவாதம் வந்த பிறகு அவருக்குப் பேச்சு இல்லை. சோற்றைப் பிசைந்து நான்தான் ஊட்டுவேன். முதலில் நான் "ஆ" என்று வாயைத் திறக்க வேண்டும், பிறகுதான் அவர் திறப்பார். "என் கைய தவிர வேற யாரு கையிலயும் வாங்க மாட்டாரு" என்று எங்கள் ஊர் புந்தோங்கில் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அதனாலோ என்னவோ, அவரைப் பார்த்துக்கொள்ள பக்கத்து ஊர் லகாட்டிலிருந்து வந்த நாத்தனாரை ஒரு வேளைகூட ஊட்டிப் பழக விடாமல் கிளம்பிவிட்டேன்.

ரயில் மலையேறத் தொடங்கியபோது நாத்தனார் வீடியோவில் கூப்பிட்டாள்.

"அண்ணி, காலையிலேருந்து வாயே தொறக்கல லா. பால்கூட வேணாங்குறாரு. நீங்க சொல்லிப் பாருங்க."

பெட்டியில் ஒருவரும் பேசவில்லை. கடையில் சாமான் கேட்கவே எனக்குக் குரல் வராது. இருக்கைக்குள் குனிந்துகொண்டு, "என்னங்க, இங்க பாருங்க. ஆ..." என்றேன். எதிரே இருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பெருசா தொறங்கம்மா, அப்பாவுக்கு உங்க மூக்குதான் தெரியுது" என்றாள் மகள்.

பெரிதாகத் திறந்தேன். அவர் உதடு அசைந்தது. அதற்குள் ரயில் சுரங்கத்துக்குள் போய்விட்டது, லைன் அறுந்தது.

இருட்டுக் கண்ணாடியில் திறந்த வாயோடு நான் தெரிந்தேன். மூடினேன். அந்த நேரத்தில் எனக்குக் கவலை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

வெளியே வந்தால் மலை முழுக்கப் பனி. இலை கொட்டிய பால்மரக் காடு மாதிரி வரிசையாக மொட்டை மரங்கள், கிளையெல்லாம் வெள்ளை. ரப்பர் எஸ்டேட்டில் பிறந்த எனக்கு அந்த வரிசை தெரியும், அந்த வெள்ளை தெரியாது. மடியில் கவிழ்த்து வைத்திருந்த போன் அதிர்ந்தது. அடுத்த ஸ்டேஷனில் பேசலாம் என்று விட்டுவிட்டேன். அந்த ஸ்டேஷனும் போனது.

மலையிறங்கிய பிறகுதான் கூப்பிட்டேன்.

"எத்தன தடவ அடிச்சேன் அண்ணி? லைன் கட்டானதும் நான் 'ஆ'ன்னேன், தொறந்துட்டாரு. ஒரு மங்கு நெறைய சோறு காலி. என்னமோ உங்க கைதான் வேணும்னீங்க."

அவர் சாப்பிட்டுவிட்டார். ஆனால் போனைக் கவிழ்த்தபோது அது எனக்குத் தெரியாது.

வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து, சாப்பாட்டு நேரத்தில் அவர் இடது கையால் போனைக் காட்டுகிறார். ரயிலில் மகள் எடுத்த வீடியோவைப் போட வேண்டும். முதலில் மலை வருகிறது. அப்புறம் நான். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு சிரிக்கிறேன். மடியில் கவிழ்ந்து கிடக்கும் போனின் ஓரத்தில் வெளிச்சம் விட்டுவிட்டு எரிகிறது.

முடிந்ததும் விரலால் தட்டி மறுபடி போடுகிறார்.

"வேற ரயில் பாப்போமா?" என்று நேற்றுக் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். நான் "ஆ" சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்தார்.