நண்டுக் கூடையைப் பிடித்த காலை

எழுபதுகளின் கடைசியில் ஆரம்பாக்கம் ஸ்டேஷன் பிளாட்பாரத்துக் கோடியில் வேலி கிடையாது. சாக வேண்டும் என்று ஒரு நாள் காலை அங்கே போய் நின்றேன். பிறந்த குழந்தை தங்கவில்லை. அதன்பின் மாதக்கணக்கில் எனக்குத் தூக்கமும் இல்லை, பேச்சும் இல்லை.

ஏரி நண்டை மெட்ராஸுக்குக் கொண்டுபோய் விற்கும் குப்பத்துப் பெண்கள் கலகலவென்று வந்தார்கள். அதில் ஒருத்தி, முன்பின் தெரியாதவள், நேரே வந்து தன் கூடையை என் கையில் திணித்தாள்.

"இத்தக் கொஞ்சம் புடிம்மே. டிக்கெட் எடுத்துக்கினு வந்துர்றேன். கீழ வச்சிடாத, எல்லாம் ஓடிப்பூடும்."

உயிரே வேண்டாம் என்று வந்தவளுக்கு நண்டு ஓடினால் என்ன? ஆனாலும் கையில் வாங்கியதை எப்படிப் போடுவது? முழித்துக்கொண்டு நின்றேன். கட்டு அவிழ்ந்த நண்டு ஒன்று ஈரச் சாக்கை விலக்கி வந்து என் முந்தானையைக் கவ்வியது. உதறினேன், விடவில்லை. கத்தியே விட்டேன்.

அவள் ஓடிவந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். "நண்டுக்கே உன்ன வுட மனசில்ல பாரு!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அழுகையும்.

"சாவத்தானே வந்தே?" என்று நேராகக் கேட்டாள். தலையாட்டினேன். அவள் திட்டவில்லை. "தனியா நிக்காத, எங்கூட வா" என்று வண்டியில் ஏற்றினாள். டிக்கெட் பரிசோதகர் வந்தார். அவள் சுருக்குப்பையிலிருந்து சீசன் டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். சற்று முன் வாங்கி வந்த டிக்கெட்டை என் கையில் வைத்தாள்.

கூடை காலியானதும் பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். அப்புறம் என் வீட்டுக்காரரும் கூட வந்தார். மருந்தும் பேச்சுமாகத் தூக்கம் மெல்லத் திரும்பியது.

நானும் நண்டு விற்கக் கிளம்பினேன். வேலி கேட்டு ஸ்டேஷன் மாஸ்டரை நாங்கள் நச்சரித்த நச்சரிப்பு கொஞ்சமல்ல. அது வரும்வரை மூங்கில் நட்டு, பழைய வலைகளை அந்தக் கோடியில் கட்டினோம்.

"தரைல இன்னா மீன் புடிக்கறீங்க?" என்று போர்ட்டர் கேலி செய்தார்.

"உன்ன மாதிரி வெராலுதான்!" என்றாள் அவள். பிளாட்பாரமே சிரித்தது. ஒருவழியாகக் கம்பிவேலி வந்த அன்று அந்தப் போர்ட்டருக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தோம். அப்படி ஒரு சந்தோஷம் எங்களுக்கு.

வேலி வந்த பிறகும் எங்கள் கண் அந்தப் பக்கம் போகாமல் இருக்காது. யாராவது முகம் வாடித் தனியாக நின்றால் நான் நேரே போய்க் கூடையை நீட்டுவேன். என் இடுப்புச் சுருக்குப்பையிலும் சீசன் டிக்கெட் இருந்தது.

"இத்தக் கொஞ்சம் புடி. டிக்கெட் எடுத்துக்கினு வந்துர்றேன்."