வாலாட்டிய வீடு

எனக்கு ஏழு வயதில், லண்டன் ஹவுன்ஸ்லோவில் நாங்கள் இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். கெண்ட் மாவட்டத்தில் ஒரு பழத்தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. தங்குவதற்கு அறை இல்லை, கரவன் நிறுத்த இடம் உண்டு என்றார்கள். அப்படித்தான், வண்டிக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் பழைய கரவன் ஒன்று எங்கள் வீடானது. அதை இழுத்துப்போக மாமா தன் பெரிய ஜீப்புடன் வந்தார்.

அம்மா கரவனின் முன்பக்கத்தை மாதா சொரூபத்துக்கு ஒதுக்கியிருந்தார். மாதாவின் காலடியில் கருவாடு வைக்கலாமா? அரிசி மூட்டைகள், உரல், கருவாட்டுப் பெட்டி எல்லாம் பின்சுவரோடு அடுக்கப்பட்டன.

"மச்சான், பாரத்தைச் சில்லுக்கு மேலை வைச்சனீயோ?" என்று மாமா கேட்டார்.

"மன்னாரிலை ட்ராக்டரிலை நெல்லு ஏத்தினவனுக்கு நீ படிப்பிக்காதை."

மாமா சிரித்தார். உள்ளே பார்க்கவில்லை.

எம் 25 நெடுஞ்சாலையில் ஓர் இறக்கம். பெரிய லொறி ஒன்று எங்களைக் கடந்ததும் கரவன் ஆடத் தொடங்கியது. நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் வீடு இடமும் வலமுமாக வாலாட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜீப்பின் பின்பக்கமும் கூடவே போனது. ஒரு வீட்டால் இப்படியும் செய்ய முடியுமா?

"பிறேக்கைப் பிடி!" என்றார் அப்பா.

"பிடிச்சால் பிரளும். பேசாமல் இரு."

மாமா அக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தார். ஸ்டியரிங்கை அசைக்கவில்லை. அம்மாவின் செபம் பாதியில் நின்றிருந்தது. வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது.

அடுத்த தரிப்பிடத்தில் மாமா கரவன் கதவைத் திறந்து பார்த்தார். அப்பாவும் அவருமாக மூட்டைகளை நடுவில், சக்கரங்களுக்கு மேலே நகர்த்தினார்கள். பின்பக்கம் பாரம் கூடினால் ஆடும், முன்பக்கமும் கொஞ்சம் பாரம் வேண்டும் என்றார் மாமா. அம்மா சிறிது நேரம் யோசித்தார். பிறகு சொரூபத்தைத் தூக்கிவந்து தன் மடியில் வைத்து, இருவருக்குமாக சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். மாதா இருந்த இடத்துக்குக் கருவாடு போனது.

மிச்சப் பயணம் முழுவதும் பின்னால் பார்த்துக்கொண்டே போனேன். வீடு ஆடவேயில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

தோட்டத்தில் இறங்கியதும், "மாமா, திரும்ப ஒருக்கா ஆட்டிக் காட்டுங்கோ" என்றேன்.

எதற்கும் பகிடி விடும் மாமா, அம்மா கொடுத்த தேநீரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். அப்படியும் அது சாஸருக்குள் சிந்தியது. அவருக்குக் குளிர்கிறது என்று நினைத்து என் கம்பளி ஜம்பரைக் கழற்றிக் கொடுத்தேன். அது ஜூலை மாதம்.