காரைக்காலிலிருந்து வந்த வெள்ளிப் பாம்பு

ஊரார் வெள்ளியை நெருப்பில் வைத்துப் பிழைக்கிற எங்கள் தொழிலில், முதலில் வேகிறது எங்கள் அடிவயிறுதான். அடுத்தவர் பொருளைக் கையில் வாங்கிவிட்டுத் தூக்கம் தொலைத்த அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வந்து சேர்ந்தது

உலகச் சண்டை முடிந்த சமயம். காரைக்காலை விட்டுச் சொந்த தேசத்துக்குப் புறப்பட்ட ஒரு துரைசானியிடம் வாங்கியதாகச் சொல்லி, எங்கள் பண்ணையார் ஒரு பழைய பிரெஞ்சு வெள்ளிக் கிண்ணத்தை ஆவுடையார்கோவிலில் இருந்த என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். சுற்றிலும் திராட்சைக் கொடி. இலைகளைத் தனியாக வார்த்து ஒட்டி, நரம்பு வரைக்கும் உளியால் வெட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடியாக வளைந்து படுத்த இரண்டு பாம்புகள். செதிலைத் தடவினால் கை கூசியது. அதில் ஒன்று கழன்று தனியாகக் கிடந்தது. மகளுக்குச் சீர் வைக்க, அதைப் பற்றவைத்துத் தர வேண்டுமாம்.

"பத்தரே, ஒரு எலை உருகுச்சுன்னா, அப்புறம் ஒங்க பட்டறையில அடுப்பு எரியாது, பாத்துக்கங்க."

மெட்டிக்கு வந்தவர்

மெட்டி மாற்ற வந்த ஓர் அம்மாள் பாம்பைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மனைவி வள்ளிக்கு அப்போது எட்டு மாதம். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், மூன்றாவதாக உண்டானது. மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் பாம்பை அடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானோ நெருப்பிலேயே வைக்கப் போகிறேன்! அந்த அம்மாளும் சும்மா போகவில்லை.

"வெள்ளியா இருந்தா என்னங்க, நாகம் நாகந்தானே? வயித்துப் புள்ளையை நெனச்சுக்கங்க."

வள்ளியின் தீர்ப்பு

பண்ணையார் ஆள் மேல் ஆள் விட்டார். கரி ஈரம் என்றேன். பற்றவைக்கத் தடவுகிற வெங்காரம் தீர்ந்துபோச்சு என்றேன். எனக்குச் சோறு இறங்காததைப் பார்த்து வள்ளி பட்டறைக்கே வந்து விஷயத்தைக் கறந்துவிட்டாள். கழன்ற பாம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடிபட்டுக் கெடக்குறதை ஒட்டித்தானே விடப்போறீங்க? அதுக்கு ஏன் கோவிச்சுக்கப் போகுது?"

நெருப்பில்

சூட்டில் இலைகள் இளகிவிடாதபடி அவற்றின் மேல் ஈரக் களிமண்ணை அப்பினேன். வெங்காரம் தடவி, உருகி ஒட்டுகிற பற்றாசை இடுக்கில் வைத்து, ஊதுகுழலை ஊதினேன். பாம்பு சிவந்தது. களிமண் பட்டென்று வெடித்தபோது "முருகா!" என்று கத்தியேவிட்டேன். நல்லவேளை, இலை அசையவில்லை. பாம்பும் பிடித்துக்கொண்டது.

பண்ணையாரும் அவர் சம்சாரமும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒட்டிய இடம் எங்கே என்று அவர் தேடித் தேடிப் பார்த்தார். அவர் சம்சாரம் கிண்ணத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்த்ததும் பின்வாங்கிவிட்டார்.

"பொண்ணுக்குச் சீரா யாராச்சும் பாம்பை அனுப்புவாங்களா? ரெண்டையும் அறுத்து எடுத்துருங்க, பத்தரே!"

அன்றைக்கே கிண்ணத்தை அவர்கள் வண்டியிலேயே ஏற்றிவிட்டு, பட்டறையைப் பூட்டி, வள்ளியையும் கூட்டிக்கொண்டு, பிள்ளை பிறக்கும்வரை மணமேல்குடியில் மாமனார் வீட்டில் பதுங்கிக் கிடந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: இந்தத் தொழிலில் நெருப்புக்குப் பயப்படவே வேண்டாம், வேலை கொடுக்க வருகிறவர்களுக்குப் பயந்தால் போதும்.