அலமாரிக்குள் வளர்ந்த பயறு

என் ஆறு வயது மகளின் அறிவியல் சோதனையில் கள்ளத்தனம் செய்தவன் நான். ஏழு முளைகளைப் பிடுங்கினேன். பிடுங்கியதோடு விட்டேனா? மீ கோரிங் நூடுல்ஸில் போட்டு வறுத்து அவளுக்கே ஊட்டினேன்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் எட்டு மாதமாகச் சிரித்துத்தான் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

யாழினியைப் பாலர் பள்ளிக்கு அனுப்பாமல், முதலாம் வகுப்பு வரை வீட்டிலேயே கற்பிப்பது என்று முடிவெடுத்ததும் நான்தான். தொழிற்சாலை என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. மனைவி சுமதிக்குக் கோலா சிலாங்கூரில் அலுவலக வேலை. பகலில் வீட்டில் மிஞ்சியது மகளும், நானும், ஒரு வெற்றுச் சுவரும்.

அந்தச் சுவரில் மாஜோங் தாள் என்னும் பெரிய வெள்ளைத்தாளை ஒட்டி, நாற்பது வாரத்துக்குப் பாடத்திட்டம் எழுதினேன். இடப்பக்கம் அறிவியல்: நீர், காந்தம், விதை, மழை. வலப்பக்கம் சமூகவியல்: நம் வீடு, நம் தெரு, நம் சந்தை, படகுத்துறை. உச்சியில் சிவப்பு மையில் மூன்றே சொற்கள்: பார், அள, எழுது. பள்ளியில் கரும்பலகையிலிருந்து முடிவுகளைப் பார்த்தெழுதியே அறிவியலில் தோற்றவன் நான். என் பிள்ளை தான் கண்டதைத்தான் எழுத வேண்டும்! என்ன வீராப்பு, பார்த்தீர்களா?

ஆனால் ‘முடிவு’ என்ற கட்டத்தை நானே முன்கூட்டி நிரப்பி வைத்திருந்தேன். பயம் ஐயா, பயம்! அவள் கேள்வி கேட்கும்போது சுவரில் பதில் இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

ஐந்தாம் வாரம், விதை. இரண்டு குவளைகளில் ஈரப்பஞ்சு, ஒவ்வொன்றிலும் ஒன்பது பச்சைப்பயறு. ஒன்று சன்னலோரம், மற்றது அலமாரிக்குள். முடிவு: ‘வெளிச்சத்தில் வளரும். இருட்டில் வளராது.’

சுமதியின் அண்ணன் புக்கிட் பெருந்துங்கில் தொழிற்சாலை மேற்பார்வையாளர். அந்த வாரம் தொலைபேசியில் அழைத்தார்.

“மாப்பிள, நீங்களே சைன்ஸ்ல கோட்டை விட்ட ஆளு. நீங்க டீச்சரா? ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன் லா.”

சுமதி பக்கத்திலேயே நின்றிருந்தாள். “அண்ணன் பாத்துட்டு சரின்னா சரிங்க. இல்லேன்னா திங்கக்கெழமையே பாலர் பள்ளியில பேரு குடுத்துருவேன்.”

சனிக்கிழமை யாழினி அளந்தாள். சன்னலோரம் ஆறு சென்டிமீட்டர். அலமாரிக்குள்... பதினான்கு!

அலமாரியை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். பயறு குட்டையாகவில்லை! அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் பதினான்குதான். கைப்பேசியில் தேடியிருக்கலாமே என்கிறீர்களா? தேடினால், சுவரில் நான் எழுதியது தவறு என்று வந்துவிடுமே!

ஞாயிறு காலை அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நெடுநெடுவென்று நின்ற ஏழு முளைகளைப் பிடுங்கினேன். எழும்பவே மாட்டாத சோம்பேறிகள் இரண்டை மட்டும் விட்டுவைத்தேன். சாட்சியங்களைச் சட்டியில் போட்டேன்.

ஈரத்தலையோடு வந்தாள். கையில் அளவுகோல்.

“அப்பா, மத்ததெல்லாம் எங்க?”

“இருட்டுல கெடந்துச்சுல்ல... அழுகிப் போச்சும்மா. அப்பா எடுத்துப் போட்டுட்டேன்.”

“நேத்து பதினாலு இருந்துச்சே?”

“நீ ஸ்கேல தப்பா வச்சிருப்பம்மா.”

நான்கே நான்கு சொற்கள். சொல்லும்போது எனக்கு நாக்குக்கூடக் குழறவில்லை.

அவள் நோட்டைத் திறந்தாள். பதினான்கை அழித்தாள். சரியாக அழியவில்லை என்று மறுபடியும் அழுத்தி அழித்தாள். தாள் கிழிந்தது. மிச்சம் நின்றதை அளந்து, கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில், மிகச் சிறியதாக, இரண்டு சென்டிமீட்டர் என்று எழுதினாள்.

மச்சான் வந்தார். மீ கோரிங் இரண்டு தட்டு சாப்பிட்டார். யாழினி குவளைகளைக் காட்டி விளக்க, “பரவால்லையே மாப்பிள!” என்றார். நான் வென்றேன்! சட்டைக் காலரைத் தூக்கிவிடாதது ஒன்றுதான் குறை.

சில வாரம் கழித்து, வலப்பக்கம், ‘நம் சந்தை’. யார் என்ன விற்கிறார், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டு எழுத வேண்டும். காய்கறி விற்கும் செல்வி அக்காவின் கடையில் தவுகே குவிந்திருந்தது. முளைவிட்ட பச்சைப்பயறு, வெள்ளை வெளேரென்று, நீள நீளமாக... அதைக் கண்டதும் அவள் கையைப் பிடித்தேன். வேறு கடைக்கு இழுத்தேன். அவள் வரவில்லை.

“ஆண்டி, இத எங்க வளக்குறீங்க?”

“வீட்டுக்குப் பின்னால, பீப்பாயில மா. சாக்கு போட்டு மூடி இருட்டாவே வச்சிருக்கணும். அப்பத்தான் இப்படி நீட்டமா வரும். வெளிச்சம் பட்டுச்சோ, குட்டையா பச்சையா போயிரும்.”

பென்சில் நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சரி, மாட்டிக்கொண்டேன்... மாட்டிக்கொள்ளட்டும்! உண்மையைச் சொல்லக்கூட வாயைத் திறந்தேன், நம்புங்கள்.

அவள் என் சட்டையை இழுத்து, காதோடு காதாகச் சொன்னாள்:

“பாவம்ப்பா இந்த ஆண்டி. ஸ்கேல தப்பா வச்சிருப்பாங்க.”

திறந்த வாயால் கத்தரிக்காய் விலை கேட்டேன்.

இப்போதாவது சொல்லலாமே என்கிறீர்கள். மாட்டேன்! சொன்னால் சுமதிக்குத் தெரிந்துவிடும், மச்சானுக்குத் தெரிந்துவிடும், சுவரிலிருந்து அந்தத் தாள் இறங்கும். என் பெண் படகுத்துறைக்கு வரும் மீன்களுக்கெல்லாம் பெயர் சொல்வாள். சந்தைக்கு வழியை வரைபடமாகப் போட்டுத் தருவாள். இதில் எதைப் பொய் என்பீர்கள்? ஒரே ஒரு குவளைக்காக எல்லாவற்றையும் கவிழ்க்க நான் தயாரில்லை. நீங்கள் என்ன, உங்கள் பிள்ளைகளிடம் சொன்ன பொய்களையெல்லாம் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்லிவிட்டீர்களா?

சரி... இதையும் கேட்டுவிடுங்கள். நான் வீராப்புப் பேசுவதெல்லாம் பகலில் அவள் நோட்டைத் திறக்கும் வரைக்கும்தான்.

இந்த வாரம் இடப்பக்கம் மழை. முற்றத்தில் பால்மாவு டின் வைத்தோம். நேற்று நல்ல மழை. இன்று காலை அவளே அதைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள். தண்ணீர் தளும்பி அடங்கும் வரை காத்திருந்தாள். அளவுகோலைக் கையில் எடுத்தாள். டின்னுக்குள் விடவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

“அப்பா, எவ்வளவு வரணும்?”